1871-க்கு நேரே ஒரு பெயர்

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உங்கள் விரல் சும்மா இருக்காது. எனக்குத் தெரியும். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி, கர்சர் அங்கேயே போய் நின்று துடிக்கும். புத்தகத் திருத்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒற்றும் சந்தியும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு மென்பொருள் வந்துவிட்டது, என்னைவிடப் பொறுமையோடு. நான் சொல்ல வந்தது அந்தத் துடிப்பைப் பற்றி.

இருபத்தாறு வருஷம் திருச்சியில் ஒரே பதிப்பகம், ஒரே மேசை. போன தையோடு எழுந்துவிட்டேன். ஐம்பத்து நான்கில் என்னய்யா ஓய்வு என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் ஓடுகிறதா, வெயில் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் எத்தனையோ காலை ஆபீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறேன். இப்போது நின்று பார்க்கிறேன். அவ்வளவுதான் ஓய்வு. குறையொன்றும் இல்லை.

ஸ்டெல்லா டீச்சரின் புத்தகம் எங்களிடம் வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீடு பொன்மலை. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பச்சை ஃபைலோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஃபைலில் இருந்தது உலகத்தின் மிகப் பழைய கோல்ஃப் சாம்பியன்ஷிப்பின் கதை. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எட்டே எட்டு பேர் ஆடிய முதல் போட்டியிலிருந்து தொடங்கி, இன்றைக்குக் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்க்கிற போட்டி வரைக்கும். ஆறு வருஷ உழைப்பு.

எனக்கு கோல்ஃபில் ஒரு இழவும் தெரியாது. முதல் நாளே அது வெளிப்பட்டுவிட்டது.

"டீச்சர், நூத்தி எழுபத்தாறு எடுத்தவரு தோத்துட்டாரு, நூத்தி எழுபத்துநாலு எடுத்தவரு ஜெயிச்சாருன்னு இருக்கு. மாத்திடட்டுமா?"

"மாத்துனீங்கன்னா இங்கயே உக்காந்து அழுவேன் தம்பி. இது கிரிக்கெட் இல்ல. கம்மியா அடிச்சுக் குழியில போட்டவன்தான் ஜெயிச்சவன்."

உள்ளறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "அப்போ மட்டையையே தொடாத நான்தான் சாம்பியன்!"

"அதுக்கு முதல்ல நாற்காலியை விட்டு எந்திரிக்கணும் சார்," என்றார் டீச்சர்.

அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஏன் கோல்ஃப் என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசர்கள் கோல்ஃப் ஆடப் போகும்போது மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். பந்து விழுந்த இடத்தை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அன்றைய ஆட்டத்தை அடி அடியாகச் சொல்வாராம். மகள் கேட்டாள். ஒரு நாள்கூட ஆடியதில்லை.

"முதல் சாம்பியன்ஷிப்புல ஆடுனவங்க யாருங்கறீங்க? பை தூக்குனவங்க, பந்து செஞ்சவங்க, புல்லு பராமரிச்சவங்க. படிச்சப்போ எங்கப்பாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. ஒரு பெரிய மனுஷர்கிட்ட இந்தப் புத்தகத்தைப் பத்திச் சொன்னேன். 'உங்கப்பா பை தூக்குனாரு, நீங்க எதைத் தூக்கப் போறீங்க'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புஸ்தகம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பெரிய மனுஷரைப் போலப் பேசக்கூடிய ஒரு வரிசையே வெளியீட்டு விழாவின் முதல் பெஞ்சில் உட்காரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தவர் சென்னையில் பலரைப் பழக்கியெடுத்த ஒரு மூத்த கோல்ஃப் பயிற்சியாளர். கோச் என்றே டீச்சர் அவரைச் சொல்வார். அவர் சரி என்று சொன்னால் புத்தகம் சரி. இல்லையென்றால், பை தூக்கியவர் மகளின் பொழுதுபோக்கு.

இரண்டாம் அத்தியாயத்தை நீங்கள் படித்திருக்க வேண்டும். தொடக்கத்தில் அந்தப் போட்டிக்குப் பரிசு ஒரு பெல்ட். சிவப்புத் தோல், வெள்ளிக் கொக்கி. ஜெயித்தவர் ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் அது அவருக்கே சொந்தம். யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் வைத்த விதி. ஒரு இளைஞன் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தான். பத்தொன்பது வயது. மைதானத்துப் புல்லைப் பராமரித்தவரின் மகன்; அந்தத் தகப்பனே முன்னாள் சாம்பியன். மகன் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வருஷம் கொடுப்பதற்குப் பரிசு இல்லை. புதிய பரிசை யார் தருவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். வருஷம் போய்விட்டது. 1871-இல் சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் நடந்தது. ஜெயித்தது மறுபடியும் அவன்தான்.

'கடல் இருந்தது, புல் இருந்தது, ஆடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கொடுக்க ஒன்று இல்லை என்பதற்காக ஒரு வருஷம் சும்மா கிடந்தது' என்று எழுதியிருந்தார் டீச்சர். ஃபோன் போட்டுப் பாராட்டினேன். நானெல்லாம் வரிக்கு வரி மயங்குகிறவன்; அதற்காகவே முதலாளி என்னைக் 'கவிஞரே' என்று கிண்டலாகக் கூப்பிடுவார்.

இதைப் படித்தவன், பாராட்டியவன், நான்தான். மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். கடைசி மெய்ப்பு ஆசிரியருக்குப் போகும். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். பிறகு அச்சகம். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்கு அவரே பொறுப்பு. இதில் கோல்ஃபுக்கும் எங்களுக்கும் வித்தியாசமில்லை என்று டீச்சர் சொல்வார். அங்கே ஒருவர் எடுத்த எண்ணிக்கையை உடன் ஆடும் இன்னொருவர் அட்டையில் குறிப்பாராம். ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பாகக் குறித்தது யாராக இருந்தாலும், கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விடியும்.

டீச்சர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஐந்து மணிக்குள் கோப்பு அனுப்பாவிட்டால் வேறு வேலையை மெஷினில் ஏற்றிவிடுவோம் என்று அச்சகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். லேஅவுட் செய்கிற பர்வீன் கடைசியாக ஒருமுறை பக்கங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். பின்னிணைப்பு வந்தது. தொடக்க காலச் சாம்பியன்கள்: ஒரு பக்கம் ஆண்டு, ஒரு பக்கம் பெயர். 1860 முதல் 1899 வரை, நாற்பது வரிகள்.

அதில் ஒரு வருஷத்துக்கு நேரே பெயர் இல்லை.

"பர்வீன், நிறுத்துங்க. இங்க ஒரு கட்டம் நழுவியிருக்கு. இதுக்குக் கீழ இருக்கற பெயர் எல்லாத்தையும் ஒரு வரி மேல ஏத்துங்க."

"டீச்சர் கையெழுத்துப் போட்டுட்டாங்களே சார். ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுடலாமே?"

"ஒரு காலிக் கட்டத்துக்கா ஃபோன்? சர்ச்சுல இருப்பாங்க. ஏத்துங்க."

ஏற்றினார். 1871-க்கு நேரே ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு இதமாக இருந்தது. ஆனால் பெயர்களெல்லாம் மேலே ஏறியதால், அடியில் 1899 வெறுமையாகத் தொங்கியது. அது என்னமோ கூடுதலாக விழுந்த வரி என்று முடிவு கட்டினேன். "அதை எடுத்துடுங்க" என்றேன். அதுவும் போயிற்று. நாலு ஐம்பதுக்குக் கோப்பு கிளம்பியது. கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன். நல்ல டீ என்று நினைவு.

அந்த இரண்டாவது 'எடுத்துடுங்க' இருக்கிறதே, அங்கேயாவது எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். ஒரு திருத்தம் நிற்பதற்கு இன்னொரு திருத்தம் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தால், முதலாவதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

பத்து நாளில் புத்தகம் வந்தது. ஐந்நூறு பிரதி. ஞாயிற்றுக்கிழமை காலை விழா. கோச்சுக்கு ஒரு பிரதி முன்கூட்டியே கூரியரில் போயிருந்தது. புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் டீச்சரின் ஃபோன். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நேத்து கோச் பேசினாரு. பின்னிணைப்பு தப்பாம். 1871-ல போட்டி நடக்கலைன்னு ரெண்டாம் அத்தியாயத்துல எழுதிட்டு, பின்னாடி அதே வருஷத்துக்கு ஒரு சாம்பியனைப் போட்டிருக்கேனாம். அதுக்கப்புறம் எல்லாருமே ஒரு வருஷம் முன்னாடி தள்ளி நிக்கறாங்களாம். 'இந்தப் புத்தகத்தை என் கையால வெளியிட முடியாதும்மா'ன்னுட்டாரு."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் முந்திக்கொண்டார்.

"எப்படித் தப்பா எழுதினேன்னு எனக்கே தெரியல. ஆனா கையெழுத்து என்னோடதுதானே. விழாவை நிறுத்திடுங்க. புத்தகமும் வெளிய வர வேண்டாம்."

வைத்துவிட்டார். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா எழுதினதுல தப்பா இருக்கும். இல்லைன்னா கம்ப்யூட்டர்ல அந்தப் பொண்ணு எதையாவது தட்டியிருக்கும். எப்படியும் கையெழுத்து இருக்குல்ல கவிஞரே? நம்ம மேல வராது."

அந்தப் பொண்ணு மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். பர்வீன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் நிம்மதிதான் தோன்றியது. வெயிலில் நடந்து வந்தவனுக்குப் பந்தல் கிடைத்த மாதிரி. அவரே தன் தப்பு என்கிறார். முதலாளியும் அதையே சொல்கிறார். கையெழுத்துப் போட்ட மெய்ப்பு என் அலமாரியில். அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வருத்தமான முகத்தோடு மேசைக்குத் திரும்புவது. முகம் அதற்குத் தயாராகவே ஆகிவிட்டது. அந்தத் தயார்நிலைதான் என்னைப் பயமுறுத்தியது.

அலமாரியைத் திறந்து, பின்னிணைப்பு மெய்ப்பை எடுத்துவந்து முதலாளி முன்னால் வைத்தேன். 1871-க்கு நேரே வெள்ளை. கீழே டீச்சரின் கையெழுத்து.

"நான்தான் சார்."

"என்னய்யா நான்தான்?"

"கையெழுத்துக்கு அப்புறம் நான் மாத்தச் சொன்னேன். பர்வீன் வேண்டாம்னாங்க. நான் கேக்கல."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பர்வீனைப் பார்த்தார். பர்வீன் பாட்டிலை மூடி வைத்தார்.

"பர்வீன், நான் சொன்னதை மறந்துடும்மா," என்றார் முதலாளி. பிறகு என்னிடம், "இதை எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அங்க போய்ச் சொல்லுங்க. நேர்ல போங்க. ஃபோன்ல சொன்னா பாதி சமாளிப்பாயிடும்."

பொன்மலையில் இறங்கியபோது ஷிஃப்ட் முடிந்து பணிமனை ஆட்கள் வண்டிகளிலும் சைக்கிள்களிலும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் எதிர்த்திசையில் நடந்தேன். டீச்சரின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கட்டில் முழுக்க நோட்டுப் புத்தகங்கள். ஆறு வருஷக் குறிப்புகளையும் விரித்துப் போட்டு, எங்கே தப்பு செய்தோம் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். எல்லா நோட்டிலும் அந்த வருஷம் சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கலங்கியிருந்தார்.

தாளை நீட்டினேன்.

"இது என் கையெழுத்து."

"ஆமா டீச்சர்."

"இதுல காலியாத்தானே இருக்கு?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் நான்."

முழுவதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஐந்து மணி, பர்வீன் சொன்னது, நான் சொன்னது, டீ உட்பட. தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு பேசியபோது சத்தமே இல்லை. அதற்குச் சத்தம் போட்டிருந்தாலே தேவலை.

"ரெண்டாம் அத்தியாயம் நல்லாருக்குன்னு ஃபோன் பண்ணீங்களே தம்பி. படிச்சுட்டுத்தான் சொன்னீங்களா?"

"படிச்சுட்டுத்தான் டீச்சர். அட்டவணையைத்தான் படிக்கல. சும்மா பாத்தேன்."

"நேத்துலேர்ந்து எனக்கு மறதி வந்துடுச்சோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அச்சுப்பிழை என்று நாம் சின்னதாகச் சொல்கிறோம். அது போய் ஒரு அறுபத்தாறு வயது அம்மாளின் மூளையைச் சந்தேகப்பட வைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. ஃபோனை எடுத்து எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தார். "கோச்சு. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"அதாவது, நடக்காத போட்டியில ஒருத்தரை ஜெயிக்க வச்சிருக்கீங்க. எந்த ஊர் சார் உங்களுக்கு?"

"ஸ்ரீரங்கம் சார்."

"சரிதான். பெருமாள் குடுத்த வரம்னு நினைச்சுக்கறேன்." பிறகு குரல் மாறியது. "அந்தம்மா அவ்வளவு நல்லா எழுதிட்டு இங்க போய் எப்படிக் கோட்டை விட்டாங்கன்னு எனக்கு மனசே ஆறல. ஒவ்வொரு பிரதியிலயும் பக்கத்தை மாத்துங்க. ஒண்ணு விடாம. ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

டீச்சர் ஃபோனை வாங்கி வைத்தார். நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினார். கடைசி நோட்டை அடுக்கிவிட்டு, "மோர் சாப்பிடறீங்களா?" என்றார். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தாகமாக இருப்பான் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை புதிய தாள் அச்சாகி வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து வெட்டி ஒட்டினோம். பழைய தாளை ஓரத்தில் விரற்கடை விட்டு அறுத்து, அந்த ஓரத்தில் பசை தடவி, புதியதை ஒட்டி, மேலே எடை வைக்க வேண்டும். நானும் பர்வீனும் அறுத்தோம். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து பசை தடவினார். பதினோரு மணிக்கு டீச்சர் ஒரு பழைய வேட்டித் துணியோடு வந்து, பிதுங்கிய பசையைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். யாரும் வரச் சொல்லவில்லை.

"1871-ல 'போட்டி இல்லை'ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையேம்மா," என்றார் முதலாளி.

"வேணும்னுதான் விட்டேன் சார். வாசிக்கறவங்க அங்க நின்னு, ஏன்னு கேட்டு, ரெண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகட்டும்னு."

"திரும்பிப் போகாத ஒரே ஆளு நம்ம ஆபீஸ்லயே இருந்தாரு," என்றார் பர்வீன். புதன்கிழமைக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல். அதற்காகவே இன்னும் ஐந்நூறு ஒட்டியிருப்பேன்.

கையில் பசை, மடியில் தாள் துணுக்குகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தூக்கு எலுமிச்சம் சாதம். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது என் வேலைக்காலத்தின் நல்ல நாட்களில் ஒன்று.

ஞாயிறு காலை. கூடம் நிறைந்திருந்தது. முதல் பெஞ்சு, நாங்கள் எதிர்பார்த்த பெஞ்சுதான். கோச் புத்தகத்தை வெளியிட்டு, "நாப்பது வருஷமா இந்த ஆட்டத்துல இருக்கேன். எனக்குத் தெரியாத மூணு விஷயம் இதுல இருக்கு" என்றார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, நடுவில் ஒருவர் எழுந்தார். பணிமனையில் ஓய்வுபெற்றவர். எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கை.

"ஒரு சந்தேகம். கடைசியில இந்தப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கு. மத்ததெல்லாம் தையல். ஏதோ தப்பா எழுதி மாத்தியிருக்கீங்க போலருக்கே?"

முதல் பெஞ்சில் தலைகள் திரும்பின. ஒரு சிரிப்பு கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதலாளி விட்டத்தைப் பார்த்தார். விழாவில் விளக்கமெல்லாம் வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். டீச்சர் மைக்கை நோக்கிக் கையை நீட்டினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு' என்பார். யார் என்று சொல்ல மாட்டார். அந்த முதல் பெஞ்சு தனக்கு வேண்டிய பெயரை அதில் போட்டுக்கொள்ளும்.

புத்தகத்தில் நம் பெயர் எங்கும் இருக்காது. நம் தொழிலின் சுகமே அதுதான். பின்வரிசையிலிருந்து எழுந்தேன்.

"டீச்சர் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தப்புறம் நான் மாத்திட்டேன். நான் இந்தப் புத்தகத்தோட எடிட்டர். தப்பு என்னோடது."

கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. மத்த பக்கத்துலயெல்லாம் நீங்க கை வைக்கலையே?"

கிளம்பக் காத்திருந்த சிரிப்பு கிளம்பிவிட்டது. கோச்சே வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"மத்த எல்லாப் பக்கத்துலயும் அவர் கை வச்சிருக்காரு. அதனாலதான் படிக்க முடியுது. வாங்கிட்டுப் போங்க."

கேள்வி கேட்டவர் வாங்கினார். ஒட்டிய பக்கத்தை இன்னொரு தரம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.